ஒன்பதிலிருந்து இருபத்தைந்துக்கு: என் சுடோகு நிரலைப் பெரிதாக்கிய அனுபவம்

என்னிடம் ஒரு சுடோகு நிரல் இருந்தது. சி மொழியில் எழுதியது, முந்நூறு வரிக்குக் கொஞ்சம் குறைவு. 9×9 புதிர் எதைக் கொடுத்தாலும் கண்ணை மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். பல வருடமாக அதைத் தொடவே இல்லை. ஒரு நாள் தங்கை 16×16 புதிர் ஒன்றை அனுப்பி, "அண்ணா, உன் ப்ரோக்ராம் இதைப் போடுமா?" என்று கேட்டாள். ஒன்பதைப் பதினாறாக மாற்றினால் முடிந்தது என்று நினைத்து, ஒரு மணி நேரத்தில் தருகிறேன் என்றேன். மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் சின்ன நிரல் ஒன்றைப் பெரிய கணக்குக்கு நீட்டப் போகிறவர் யாராக இருந்தாலும் இதில் சில இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு.

முதலில் செய்தது, பழைய கோப்பை அப்படியே நகலெடுத்தது. பிறகு தேடி மாற்றினேன்: 9 இருந்த இடத்தில் 16, 3 இருந்த இடத்தில் 4, 81 இருந்த இடத்தில் 256. நிரல் ஓடியது. விடை வரவில்லை.

ஒன்பது என்ற எண் ஒன்பதாகவே எழுதப்பட்டிருந்தால் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் பாதி இடத்தில் அது வேறு உருவத்தில் ஒளிந்திருந்தது. ஒரு அணியின் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) நீளம் 10 என்று இருந்தது; எண்களை 1 முதல் 9 வரை வைத்துக்கொண்டு 0-வது இடத்தைச் சும்மா விட்டிருந்ததால் அந்தப் பத்து. இன்னொரு இடத்தில் 80. அது கடைசிக் கட்டத்தின் எண். 511 என்று ஒன்று இருந்தது. ஒன்பது பிட்டும் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) எரிந்தால், அதாவது எல்லாம் 1 ஆனால், வரும் மதிப்பு அது. 27 என்பது ஒன்பது கிடைவரிசை, ஒன்பது நெடுவரிசை, ஒன்பது பெட்டி ஆகியவற்றின் கூட்டல். 20 என்று ஓர் எண் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. ஒரு கட்டத்தில் ஓர் எண்ணைப் போட்டால், அந்த எண் வரக்கூடாத மற்றக் கட்டங்கள் எத்தனை என்பதுதான் அது: கிடைவரிசையில் 8, நெடுவரிசையில் 8, பெட்டியில் மீதமுள்ள 4. பதினாறுக்கு இது 39 ஆகும். இருபத்தைந்துக்கு 64. தேடி மாற்றும் வசதிக்கு இதெல்லாம் தெரியாது.

இவை எல்லாவற்றையும் விட என்னை அதிகம் உலுக்கியது ஒரே ஒரு வரி. ஒரு கட்டம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வரி. கிடைவரிசை எண்ணை 3-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிட்டு, அதை 3-ஆல் பெருக்கி, நெடுவரிசை எண்ணை 3-ஆல் வகுத்து வருவதைக் கூட்ட வேண்டும். மூன்று மூன்றுகள். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அர்த்தம் வேறு வேறு. முதல் மூன்று பெட்டியின் உயரம். கடைசி மூன்று பெட்டியின் அகலம். நடுவில் இருப்பது, பக்கவாட்டில் எத்தனை பெட்டிகள் நிற்கின்றன என்ற எண்ணிக்கை. 9×9 பலகையில் மூன்றும் ஒன்றே. 16×16 பலகையிலும் மூன்றும் நான்குதான். அதனால் எதை எதோடு குழப்பினாலும் நிரல் சரியாகவே ஓடும். தப்பு வெளியே தெரியாது.

இது எப்படித் தெரிந்தது என்றால், பதினாறை விட்டுவிட்டு 6×6 பலகைக்குப் போனபோது. பெரிதாக்க வேண்டிய நேரத்தில் சிறிதாக்கியது நேர விரயமாகத் தோன்றலாம். ஆனால் இந்த வேலையில் நான் எடுத்த முடிவுகளில் மிகப் பயனுள்ளது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். 6×6 பலகையில் பெட்டி சதுரம் இல்லை. இரண்டு வரிசை உயரம், மூன்று கட்டம் அகலம். உயரமும் அகலமும் வேறு என்பதால் குழப்பம் உடனே வெளியே வந்துவிடும். நடுவில் இருக்கும் பெருக்கல் எண்ணுக்கு நான் அகலத்தை எழுதியிருந்தேன். ஆறு பெட்டிகளுக்கு 0 முதல் 5 வரை எண் வர வேண்டும். எனக்கு 0, 1, 3, 4, 6, 7 என்று வந்தது. சி மொழி அணியின் எல்லையைப் பார்க்காது என்பதால் கடைசி இரண்டு பெட்டிகளும் பக்கத்தில் இருந்த மெமரியில் சத்தமில்லாமல் எழுதிவிட்டன. அதே பலகையை மூன்று உயரம், இரண்டு அகலம் என்று திருப்பிக் கொடுத்தேன். இப்போது மேலே வலது ஓரத்துப் பெட்டிக்கும் கீழே இடது ஓரத்துப் பெட்டிக்கும் ஒரே எண் 2 வந்து, இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. நல்ல புதிரைக் கொடுத்தாலும் "விடை இல்லை" என்றது நிரல். நடுவில் வர வேண்டியது பெட்டியின் உயரம்தான். பக்கவாட்டில் நிற்கும் பெட்டிகளின் எண்ணிக்கை எப்போதும் அதற்குச் சமம்.

அன்றிலிருந்து நிரலுக்குள் நான் கையால் எழுதும் எண்கள் இரண்டே இரண்டு: பெட்டியின் உயரம், பெட்டியின் அகலம். இரண்டையும் பெருக்கினால் பலகையின் பக்கம். மற்ற எல்லாமே அதிலிருந்து கணக்கிட்டு வரும். அந்த 20-க்குக்கூட ஒரு கணக்கு இருக்கிறது: பக்கத்தில் ஒன்று குறைத்து இரண்டு மடங்கு, அதோடு உயரத்தில் ஒன்று குறைத்ததையும் அகலத்தில் ஒன்று குறைத்ததையும் பெருக்கிக் கூட்டினால் போதும்.

இதற்கு இடையில் நகலெடுத்த பாவம் என்னைச் சும்மா விடவில்லை. ஒரே கிடைவரிசையில் ஒரே எண் இரண்டு முறை கொடுக்கப்பட்டிருந்தால் பழைய நிரல் அதைக் கவனிக்காமல் விடையைத் தேடக் கிளம்பிவிடும். பதினாறுக்கான கோப்பில் இதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். ஒரு வாரம் கழித்து 9×9 புதிர் ஒன்றைத் தப்பாகத் தட்டச்சு செய்து பழைய நிரலுக்குக் கொடுத்தேன். அது நின்றுவிட்டது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து காரணம் தேடினேன். கிடைத்தது நான் ஏற்கெனவே திருத்திய அதே பிழை, திருத்தப்படாத கோப்பில். நகலெடுப்பது மறுபயன்பாடு இல்லை என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அந்த மாலைதான் புரிந்தது. அன்றே இரண்டு கோப்பையும் ஒன்றாக்கினேன்.

அடுத்தது எழுத்துகள். பழைய நிரலில் புதிரை வாசிக்கும் பகுதி, எழுத்தின் ஆஸ்கி எண்ணிலிருந்து (கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) பூஜ்யத்தின் ஆஸ்கி எண்ணைக் கழிக்கும். '5' என்றால் 53-இல் 48 போக 5. ஒன்பது வரை அழகாக வேலை செய்யும். பத்துக்கு மேல் ஆங்கில எழுத்துகள் வந்தன. 'ஏ'-யின் ஆஸ்கி எண் 65; 48 போனால் 17. பத்து வர வேண்டிய இடத்தில் பதினேழு, அதாவது பலகையிலேயே இல்லாத எண். ஒன்பதுக்கும் 'ஏ'-க்கும் நடுவில் ஏழு குறிகள் உட்கார்ந்திருப்பதால் வந்த வினை. இதைச் சரிசெய்த பிறகு இன்னொன்று காத்திருந்தது. தங்கை அனுப்பிய புதிரில் எண்கள் 1 முதல் 16 வரை. நான் சோதனைக்கு எடுத்த இன்னொரு புதிரில் 0 முதல் 9 வரையும் அதற்கு மேல் 'எஃப்' வரையும். அங்கே 0 என்பது ஒரு குறி. என் நிரலுக்கோ 0 என்றால் காலிக் கட்டம். கொடுத்த குறிப்புகளில் பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன, புதிருக்கு ஏகப்பட்ட விடைகள் வந்தன.

இதற்கு நான் கண்ட வழி: நிரலின் உள்ளே எண்கள் எப்போதும் 0-இல் தொடங்கி, பக்கத்துக்கு ஒன்று குறைவு வரை. காலிக்குத் தனி அடையாளம். எந்தக் குறிக்கு எந்த எண் என்ற அட்டவணை வாசலில் மட்டும் இருக்கும்; வாசிக்கும்போது ஒரு முறை, அச்சிடும்போது ஒரு முறை. நடுவில் இருக்கும் எந்த ஃபங்ஷனுக்கும் (நிரலின் தனித்தனிப் பகுதிக்கும்) எழுத்து என்றால் என்னவென்றே தெரியாது. 25×25 புதிரில் எண்களே இல்லை, 'ஏ' முதல் 'ஒய்' வரை எழுத்துகள்தான். அதற்கு அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன், வேலை முடிந்தது.

அப்புறம் அந்த இரவு. எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பி, தங்கையின் புதிரைக் கொடுத்து நிரலை ஓடவிட்டேன். விடை வரவில்லை. பெரிய புதிர் அல்லவா, நேரமாகும் என்று தூங்கப் போனேன். காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. பகல் முழுக்க விட்டுப் பார்த்தேன். மாலையில்தான் ஓர் எண்ணியைச் சேர்த்தேன்: நிரல் ஒவ்வொரு முறை ஊகிக்கும்போதும் ஒன்று கூடும், அவ்வப்போது திரையில் வரும். மறுபடி ஓடவிட்டால் எண்ணி பூஜ்யத்திலேயே நிற்கிறது. ஒரு ஊகம்கூட நடக்கவில்லை. இருபது மணி நேரமாக அது எதையும் தேடவே இல்லை.

காரணம் இது. ஒரு கட்டத்தில் எந்தெந்த எண்கள் வரலாம் என்பதை ஒரு முழு எண்ணின் பிட்டுகளாக வைத்திருந்தேன், எண்ணுக்கு ஒரு பிட். ஒன்பது பிட் போதும் என்பதால் 16 பிட் கொண்ட குறியுள்ள சிறிய வகையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதில் கடைசிப் பிட் கூட்டல் கழித்தல் குறிக்கானது. பதினாறு பிட்டும் எரிந்தால் 65,535 வர வேண்டும். இந்த வகையில் அது −1. பிட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி), எண்ணை வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போய் பூஜ்யம் வந்ததும் நிற்கும். −1-ஐ எத்தனை முறை நகர்த்தினாலும் −1 தான். லூப் முடியவே முடியாது. குறியில்லாத 32 பிட் வகைக்கு மாற்றியதும் சரியானது; இருபத்தைந்துக்கும் அதுவே போதும்.

மெதுவாக ஓடுவதும் மாட்டிக்கொண்டு நிற்பதும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான். தேடல் சம்பந்தப்பட்ட எந்த நிரலிலும் முதல் நாளே ஓர் எண்ணியை வைத்துவிடுங்கள்.

அந்த எண்ணி பிறகு இன்னொரு விதத்திலும் உதவியது. கோப்புகளை ஒன்றாக்கும்போது, பழைய 9×9 புதிர்கள் ஐம்பதைச் சோதனைக்கு எடுத்துவைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவற்றை ஓட்டினேன். விடைகள் எல்லாம் சரியாகவே வந்தன. ஆனால் விடையோடு ஊக எண்ணிக்கையையும் பழைய நிரலோடு ஒப்பிட்டபோது, சில புதிர்களில் புதிய நிரல் அதிகமாக ஊகித்திருந்தது. முறை மாறாதபோது எண்ணிக்கை ஏன் மாற வேண்டும்? பார்த்தால், குழுக்களை (கிடைவரிசை, நெடுவரிசை, பெட்டி) ஒவ்வொன்றாகப் பார்க்கும் லூப்பை ஒன்று முன்னாலேயே நிறுத்தியிருந்தேன். கடைசிப் பெட்டியில், "இந்த எண்ணுக்கு இந்தக் குழுவில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம்" என்ற சோதனை நடக்கவே இல்லை. விதிமீறலைப் பிடிப்பது வேறு பகுதி என்பதால் விடை மட்டும் தப்பவில்லை. விடையை மட்டும் பார்த்திருந்தால் இந்தப் பிழை இன்றும் உள்ளே இருந்திருக்கும்.

குழு என்று சொன்னேன். இந்த வேலையின் மையமே அந்தச் சொல்தான். பழைய நிரலில் ஒவ்வொரு விதியும் மூன்று முறை எழுதப்பட்டிருந்தது: கிடைவரிசைக்கு ஒன்று, நெடுவரிசைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று. உற்றுப் பார்த்தால் மூன்றிலும் நடப்பது ஒன்றேதான்: இந்தக் கட்டங்களில் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது, எல்லா எண்ணும் ஒரு முறை வர வேண்டும். அதனால் தொடக்கத்திலேயே ஒரு பட்டியல் கட்டினேன். 9×9 என்றால் 27 குழுக்கள், 16×16 என்றால் 48, 25×25 என்றால் 75. கட்டத்துக்குக் கட்டம் அதன் உறவுக் கட்டங்களின் பட்டியலும் அந்தக் குழுக்களிலிருந்தே வரும். விடை தேடும் பகுதிக்கு இப்போது கிடைவரிசை தெரியாது, பெட்டி தெரியாது. குழு மட்டும்தான் தெரியும். முந்நூறு வரி இருநூறுக்குக் கீழே வந்தது. இரண்டு மூலைவிட்டங்களிலும் எண்கள் திரும்ப வரக்கூடாத சுடோகு வகை உண்டு. அதற்கு இரண்டு குழுக்களைக் கூட்டினேன், தேடும் பகுதியில் ஒரு வரிகூட மாறவில்லை. பெட்டிகள் கோணல்மாணலாக இருக்கும் வகைக்கும் அப்படித்தான்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் மறுபயன்பாடு கூடாது என்று முடிவெடுத்தேன்: விடையைச் சரிபார்க்கும் பகுதி. முதலில் அதுவும் அதே குழுப் பட்டியலைத்தான் பயன்படுத்தியது. ஒரு நாள் 6×6 காலிப் பலகையைக் கொடுத்து நிரப்பச் சொன்னேன். நிரப்பியது, சரிபார்ப்பும் "சரி" என்றது. அச்சிட்டுப் பார்த்தால் ஒரு பெட்டிக்குள் இரண்டு நான்குகள். புதிரை வாசிக்கும் இடத்தில் உயரமும் அகலமும் இடம் மாறியிருந்தன. பட்டியலே தப்பு, தேடியதும் அந்தப் பட்டியலை வைத்து, சோதித்ததும் அந்தப் பட்டியலை வைத்து. இப்போது சரிபார்ப்பவன் தனி நிரல். மூலப் புதிரைத் தானே வாசிக்கும், பெட்டிகளைத் தானே எண்ணும், வேகத்தைப் பற்றிக் கவலைப்படாது. கொடுத்த குறிப்புகள் விடையில் அப்படியே இருக்கின்றனவா என்றும் பார்க்கும். விதிப்படி நிரம்பிய பலகை வேறு ஏதாவது புதிரின் விடையாகவும் இருக்கலாம் அல்லவா.

எண்ணிக்கை தெரிந்த சோதனைகளும் பெரிய பலம். 4×4 காலிப் பலகையை நிரப்ப 288 வழிகள் உண்டு. 2-க்கு 3 பெட்டிகள் கொண்ட 6×6 பலகைக்கு 2,82,00,960. முதல் விடையோடு நிற்காமல் எல்லா விடைகளையும் எண்ணச் சொன்னால் இந்த எண்கள் பிசகாமல் வர வேண்டும். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ எங்கோ பிழை. 9×9 பலகைக்கு இப்படி எண்ணவைக்க முடியாது. பெர்ட்ராம் ஃபெல்கன்ஹவரும் ஃபிரேசர் ஜார்விஸும் 2005-இல் கணக்கிட்ட எண் 22 இலக்கம் கொண்டது.

இவ்வளவுக்குப் பிறகு நிரல் சரியாக இருந்தது. வேகமாக இல்லை. இந்த இரண்டையும் நான் ஒன்றாகவே நினைத்திருந்தேன். 9×9-இல் முதல் காலிக் கட்டத்தை எடுத்து ஊகித்தாலும் பெரும்பாலான புதிர்கள் நொடிக்குள் முடிந்துவிடும். 16×16-இல் எண்ணி கோடிகளைத் தாண்டி ஓடியது. மிகக் குறைந்த வாய்ப்புகள் உள்ள கட்டத்தை முதலில் எடு என்று ஒரே ஒரு ஃபங்ஷனை மாற்றினேன். தங்கையின் புதிர் நொடிக்குள் முடிந்தது. அளவு கூடக் கூட எந்த வரிசையில் ஊகிக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பொதுவான அளவுகளுக்கான சுடோகு என்பி-முழுமை வகைக் கணக்கு (விடையைச் சரிபார்ப்பது எளிது, கண்டுபிடிக்க வேகமான பொது வழி தெரியாத வகை) என்று யாட்டோ, செட்டா என்ற ஆய்வாளர்கள் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். எந்த அளவுக்கும் எப்போதும் சட்டென்று முடிக்கும் வழி ஒன்று இதுவரை யாருக்கும் கிடைத்ததில்லை.

25×25-இல் வேறொன்று இடித்தது. ஒரு கட்டத்தில் எத்தனை வாய்ப்புகள் என்று பார்க்க, பிட்டுகளை எண்ணும் வேலையை முன்கூட்டியே செய்து ஓர் அட்டவணையில் வைத்திருந்தேன். ஒன்பதுக்கு 512 இடம், பதினாறுக்கு 65,536. இருபத்தைந்துக்கு 3,35,54,432 இடம், அதாவது 32 மெகாபைட். ஒரு காலத்தில் வேகத்துக்காகச் செய்த தந்திரம், இப்போது ஒவ்வொரு முறையும் மெமரிக்குப் போய்வர வைத்து நிரலை இழுத்தது. அட்டவணையைத் தூக்கிவிட்டு, பிட் எண்ணுவதற்குக் கம்பைலரிலேயே (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கருவி) இருக்கும் வசதியைப் பயன்படுத்தினேன்.

அப்படியும் குறிப்புகள் குறைவான 25×25 புதிர்கள் அசையவில்லை. கட்டங்களை மட்டும் பார்த்தால் எல்லாவற்றிலும் ஐந்தாறு வாய்ப்புகள் இருக்கும். அதே நேரம், ஏதோ ஒரு குழுவில் ஏதோ ஓர் எழுத்துக்கு இரண்டே இடங்கள்தான் இருக்கும். அந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். சுடோகுவைத் துல்லிய நிரப்பல் கணக்காக (ஒவ்வொரு நிபந்தனையும் சரியாக ஒரே முறை நிறைவேறும்படி தெரிவுகளைப் பொறுக்கும் கணக்கு) எழுதினால் இரண்டும் தானாகவே ஒன்றாகிவிடும். "இந்தக் கட்டத்தில் ஏதோ ஓர் எண்" என்பதும் "இந்தக் குழுவில் இந்த எண்" என்பதும் அங்கே ஒரே மாதிரியான நிபந்தனைகள். 9×9-க்கு 324 நிபந்தனைகள், 729 தெரிவுகள். 25×25-க்கு 2,500 நிபந்தனைகள், 15,625 தெரிவுகள். கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் 2000-இல் விளக்கிய டான்சிங் லிங்க்ஸ் என்ற தேடல் முறை இதற்கென்றே செய்தது போலப் பொருந்தும்.

அதனால் கடைசியில், இத்தனை நாள் பொதுவாக்கிப் பொதுவாக்கிச் செதுக்கிய தேடும் பகுதியை முழுவதுமாக எடுத்துவிட்டுப் புதிதாக எழுதினேன். வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு ஒரு வார இறுதிதான் பிடித்தது. வாசிக்கும் பகுதி, குறிகளின் அட்டவணை, குழுப் பட்டியல், அச்சிடும் பகுதி எதிலும் கைவைக்கவில்லை. ஐம்பது பழைய புதிர்களும் தனியாக நிற்கும் சரிபார்ப்பு நிரலும் அப்படியே காத்திருந்தன. ஊக எண்ணிக்கைகளை மட்டும் புதிதாகக் குறித்துக்கொண்டேன். முதலில் 4×4 காலிப் பலகையைக் கொடுத்தேன்: 288. பிறகு 6×6 பலகையைக் கொடுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். சில நிமிடம் கழித்து 2,82,00,960 என்று வந்து நின்றது.